ஜீப்பில் பேஸுக்கு ஓர் இடம்

கோரஸ் பாடிக்கொண்டிருந்த காலத்தில் ரஞ்சனியக்காவுக்கு இருந்த பெரிய கவலை அவளுடைய கைகள்தான். "வாய்க்கு வேலை இருக்கு தம்பி. இந்தக் கை ரெண்டையும் மேடையில என்ன பண்றது? முன்னால கட்டுனா சாமி கும்புடற மாதிரி இருக்கு, பின்னால கட்டுனா போலீஸ் புடிச்ச மாதிரி இருக்கு" என்பாள்.

அவள் என் பெரியப்பா மகள். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். ஊட்டி காந்தலைச் சேர்ந்த ஒரு மெல்லிசைக் குழுவோடு திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் பாடப் போவாள். தேயிலை விலை விழுந்த வருடங்களில் அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசித்த சுரேஷ், பிழைப்புத் தேடித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கிதாரை அவள் வாங்கி, எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொண்டுவந்தாள். நாலே கம்பி, ஒவ்வொன்றும் கொடிக்கயிறு போலத் தடிப்பு. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அதை மீட்டினால் கொசு பறக்கிற சத்தம்கூட வராது. கிதாரின் தலையை இரும்பு பீரோவின் கதவில் அழுத்திவைத்து வாசித்துப் பார்த்தாள். பீரோ முழுக்க முனகியது. ஒரு மழைக்காலம் பூராவும் அந்தப் பீரோதான் அவளுக்கு ஆம்ப்ளிஃபயர். அடுத்த கோடையில் மேடையில் சுரேஷின் இடத்தில் நின்றாள். கைகளைப் பற்றிய கவலை அதோடு தீர்ந்தது.

வேறு கவலை வந்தது.

குழுவின் தலைவர் வெள்ளியங்கிரி. கோயம்புத்தூரிலிருந்து வந்து காந்தலில் கடை வைத்திருந்தவர், கீபோர்டு வாசிப்பவர். கெட்டவர் இல்லை. எஸ்டேட்டுகள் திருவிழாச் செலவைக் குறைத்ததும் கச்சேரிகள் குறைந்தன. இரண்டு ஜீப்பில் போன குழு ஒரு ஜீப்புக்குள் அடங்க வேண்டியதாயிற்று. கோரஸை முதலில் நிறுத்தினார். பிறகு ஒரு புதுக் கீபோர்டு வாங்கினார். அதில் இடது கையாலேயே பேஸ் வாசிக்கலாம்.

"அம்மிணி, மனசுல வெச்சுக்காத. ஜீப்புல ஏழு பேருக்குத்தான் எடம். உன்ற ஆம்ப்ளிஃபயர் பொட்டி ஒண்ணே ரெண்டு பேர் எடத்தப் புடிக்குது. என்ற எடது கைக்கு எடமே வேண்டாம் பாரு."

"அப்ப நான் வர வேண்டாங்களாண்ணா?"

"தேவாலாக் கச்சேரிக்கு வா. மொத ரெண்டு பாட்டு நான் எடது கையில வாசிக்கறேன். அடுத்த ரெண்டு நீ வாசி. எது நல்லாருக்குன்னு சில்வஸ்டர் சொல்லட்டும். அவன் சொல்றதுதான்."

சில்வஸ்டர் டிரம்ஸ் வாசிப்பவர். வாய்த்துடுக்கு உண்டு, பாரபட்சம் கிடையாது. அதனால்தான் அவளுக்குப் பயம்.

அப்போது நான் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். அக்கா என்னைக் கோயம்புத்தூருக்கு இசைக்கருவிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுரேஷின் கிதார் மலைப் பனியில் ஊறி, கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிகள் பலகையை விட்டு எழும்பி நின்றன. அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும். கூடவே ஜீப்பில் இரண்டு பேர் இடத்தைப் பிடிக்காத ஆம்ப்ளிஃபயர் ஒன்று. ஆனால் அது திறந்தவெளியில் காற்றையும் கூட்டத்தையும் மீறிக் கேட்க வேண்டும். சின்னது கேட்காது, கேட்பது சின்னதாக இருக்காது. இது எனக்கே தெரிந்திருந்தது.

கடைக்காரர் கண்ணாடிபோல் மின்னிய சிவப்புக் கிதாரைக் கையில் கொடுத்தார். நீளக் கழுத்து. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து வெடித்திருந்த அவள் விரல்கள் முதல் இரண்டு கட்டைகளுக்கு இடையில் எட்டாமல் தவித்தன. எட்டியபோது தாளம் தப்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய குட்டைக் கழுத்துக் கிதாரை எடுத்தாள். பூச்சு உரிந்திருந்தது. அதன் தலையைக் கடையின் கண்ணாடி அலமாரியில் அழுத்திக் காதை வைத்தாள்.

"ஏனுங்க அம்மிணி, கிதாருக்குக் காய்ச்சலுங்களா? நெத்தியத் தொட்டுப் பாக்கறீங்க?"

"எங்க ஊட்டுல இப்புடித்தாங்க கேப்போம். இது நாலு கம்பியும் ஒரே மாதிரி பேசுது."

தோளில் மாட்டத் தோல்பட்டை காட்டினார். மலையில் தோல் பூஞ்சை பிடிக்கும் என்று பருத்திப் பட்டை கேட்டாள். ஒயரில் மட்டும் கடையிலேயே நீளமானதைக் கேட்டாள். ஆம்ப்ளிஃபயர் என்றதும் கடைக்காரர் இடுப்புயரப் பெட்டி ஒன்றின்மேல் தட்டினார். "ஸ்டேஜுக்குன்னா இதுதானுங்க."

அக்கா பையிலிருந்து ஒரு பழைய சேலைக் கரையை எடுத்தாள். அதில் இரண்டு முடிச்சுகள். ஜீப்பின் பின் சீட்டுக்கு அடியில் உள்ள இடத்தின் உயரத்துக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று என்று முந்தைய நாளே அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். பெட்டி இரண்டாவது முடிச்சைத் தாண்டிப் பாதிக் கடை வரை போனது.

"ஜீப்ப மாத்திருங்க" என்றார் கடைக்காரர்.

"ஸ்பீக்கர் பெட்டி பழசு இருக்குங்க, அதை ஜீப்புக்கு மேல கட்டிக்கலாம். மழை வந்தா தார்ப்பாய் இருக்கு. ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான் சீட்டுக்கு அடியில போகணும். அங்க இருக்கே, அது என்னங்க?"

அது ஆட்டோவில் கட்டி விளம்பரம் சொல்லிக்கொண்டு போகிற மைக் செட் ஆம்ப்ளிஃபயர். கரண்டிலும் ஓடும், வண்டி பேட்டரியிலும் ஓடும். அதில் பேஸ் போட்டால் சளி பிடித்த மாதிரி இருக்கும் என்றார் கடைக்காரர். நானும் வேண்டாம் என்றேன். இரண்டு பாட்டில் தீர்ப்புச் சொல்லப் போகிற சில்வஸ்டரின் முகம் என் கண்ணில் நின்றது.

"தம்பி, எஸ்டேட்டுல கரண்டு எப்ப நல்லா இருந்துச்சு? ஸ்டெப்-அப் பெட்டி ஒண்ணுதான் இருக்கு, அது கீபோர்டுக்கு. எனக்கு யாரு குடுப்பா? சளி புடிச்சாலும் பேசுமில்ல" என்றாள். சேலைக் கரையால் அளந்தாள். முதல் முடிச்சுக்குள்ளேயே அடங்கியது.

ஸ்டெப்-அப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் கச்சேரிக்குப் போகிற எல்லாக் குழுவிடமும் அது இருக்கும். எஸ்டேட்டில் கோயிலுக்கும் லயத்துக்கும் கரண்டு வருவது ஃபேக்டரி லைனில். ஃபேக்டரியில் இலை வாட்டும் மின்விசிறிகள் ஓட ஆரம்பித்தால் மற்ற இடங்களில் வோல்டேஜ் விழுந்துவிடும். அதைத் தூக்கிக் கொடுப்பது அந்தப் பெட்டி. அதில் ஒரு குமிழ், பூஜ்யத்துக்கு மேல் நாலு நம்பர்; நம்பர் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். எஸ்டேட் என்றால் யோசிக்காமல் நாலாம் நம்பர். லயத்துக்காரர்களுக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. வீட்டு பல்பு மஞ்சளாக மங்கி எரிந்தால் ஃபேன் ஓடுகிறது, இலை வந்திருக்கிறது, வேலை இருக்கிறது. பல்பு பளிச்சென்று வெளுத்து எரிந்தால் ஃபேன் நின்றுவிட்டது, வேலை இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் பாலன், ஃபேக்டரி எஞ்சின் ரூமில் இருந்தவர். ஃபேக்டரி மூடிய மாதம் முழுக்க வீட்டில் பல்பு ஜெகஜோதியாக எரிந்தது. அடுத்த மாதம் அவரும் திருப்பூருக்குப் போனார். சிங்கப்பூரில் என் அறையில் பல்பு மங்குவதே இல்லை. முதல் வருடம் அதைப் பார்த்தாலே எனக்கு ஏதோ மூடிவிட்டது போலிருக்கும்.

தேவாலா எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு அக்கா குழுவோடு ஜீப்பில் வந்தாள். எனக்கு அதில் இடமில்லை, கூடலூர் வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும் என்று கச்சேரியை மத்தியானத்துக்கே வைத்திருந்தார்கள். பிரட்டுக்களத்துத் தகரக் கொட்டகைதான் மேடை. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம். உள்ளே இருட்டு, நடுவில் ஒரு பல்பு. வெளியே எஸ்டேட் சனம் மொத்தமும் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் சரிவில் டிரைவர் மூக்கன் ஜீப்பை நிறுத்தி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து அக்காவின் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினான்.

"பழைய பேட்டரி புள்ள. பாத்து வாசி. பூராத்தையும் குடிச்சிராத."

"நான் என்ன கள்ளா குடிக்கப் போறேன்?"

சிரித்தாள். ஆனால் கிதாரில் சேர்த்த சுருதியையே மறுபடி மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளியங்கிரி புதுக் கீபோர்டை உறையிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, ஸ்டாண்டில் வைத்தார். ஒயரை ஸ்டெப்-அப் பெட்டியில் சொருகினார். பெட்டியில் வோல்டேஜ் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. "போன வருசம் இங்க நாலாம் நம்பர்லயே கீபோர்டு தூங்கி விழுந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே குமிழை நாலுக்குத் திருப்பினார். மெயின் சுவிட்சு மட்டும்தான் பாக்கி.

அக்கா அந்த நேரத்தில் தலையை நிமிர்த்தினாள். பல்பைப் பார்த்தாள்.

அது மஞ்சளாக இல்லை. சுண்ணாம்பு போல வெளுத்து, பார்க்கக் கண் கூசியது. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், மேட்டில் ஃபேக்டரி நின்றது. புகைபோக்கியில் புகை இல்லை. ஃபேன் சத்தம் இல்லை. வெள்ளியங்கிரி காந்தலில் கடை வைத்திருப்பவர். பல்பைப் பார்த்து ஃபேக்டரியைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

அவள் கை கிதாரின் கழுத்தை இறுக்கிப் பிடித்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் எதையும் செய்ய வேண்டியதில்லை. கீபோர்டு கருகிப்போகும், இடது கையும் அதோடு போகும். அப்புறம் மசினகுடி, கோத்தகிரி, எல்லாக் கச்சேரிக்கும் பேஸ் வேண்டும்.

"பொய் சொல்ல மாட்டேன் தம்பி" என்று பிற்பாடு சொன்னாள். "கொஞ்ச நேரம் பேசாமத்தான் நின்னேன். அவரு அந்தத் துண்டை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டாரு பாரு, புதுப் புள்ளையைத் தொட்டில்ல போட்ட மாதிரி. அதைப் பாத்ததும் வாய் திறந்துக்கிச்சு."

"அண்ணா! சுவிட்ச்சத் தொடாதீங்க!"

வெள்ளியங்கிரியின் கை சுவிட்சுமேல் நின்றது.

"வோல்டேஜ் ஏறிக் கிடக்குங்க. ஃபேக்டரி ஓடல. பல்பப் பாருங்க."

"நல்லாத்தான எரியுது?"

"நல்லா எரியறதுதாங்க வில்லங்கம்."

அவர் முகம் இறுகியது. "அம்மிணி, இங்க வந்து இந்த வேலையெல்லாம் வேண்டாம். என்ற கையில பேஸ் வரக்கூடாதுன்னு நெனைக்கிறயா?"

கூட்டம் கை தட்டத் தொடங்கியிருந்தது. பாட்டு எங்கே என்று ஒருவன் விசிலடித்தான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சில்வஸ்டர்தான் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏன் தலைவரே, ஒரு பல்பு போட்டுப் பாத்தா என்ன கொறஞ்சா போயிரும்? கீபோர்டு செத்தா காரியம் பண்ணணும், பல்பு செத்தா தூக்கிப் போடலாம்."

கோயில் கமிட்டி ராசு ஹோல்டரோடு ஒரு பல்பு கொண்டுவந்தார். கீபோர்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினார்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி வெள்ளியங்கிரியே சுவிட்சைப் போட்டார். பல்பு நீலமாக ஒரு முறை வீங்கியது. டப்பென்று வெடித்துத் தரையெங்கும் சிதறியது. முன்வரிசைக் குழந்தைகள் கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கத்தின.

வெள்ளியங்கிரி குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். கொட்டகை பல்பை ஒரு முறை பார்த்தார். நேர் கரண்டில் போடவும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கீபோர்டை மறுபடி உறைக்குள் வைத்தார். பாடகர்களுக்கு மைக் வைத்திருந்த உள்ளூர் மைக் செட்டுக்காரன் சத்தமில்லாமல் தன் ஒயரைக் கரண்டிலிருந்து எடுத்துத் தன் பேட்டரியில் மாட்டினான்.

"பஜனைக் கோஷ்டி ஹார்மோனியம் இருக்குங்களா?" என்று ராசுவைக் கேட்டார் வெள்ளியங்கிரி. பிறகு அக்காவின் பக்கம் திரும்பாமலே, "எடுத்த எடுப்புல உன்னுதுதான் பேஸ். ஆரம்பி" என்றார்.

முதல் பாட்டில் அவள் இரண்டு இடத்தில் தப்பினாள். கடைக்காரர் சொன்னது சரி, சளிதான் பிடித்திருந்தது. இரண்டாம் பாட்டில் சில்வஸ்டர் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சாக்கின் வழியாகவே பாட்டு ஏறியது. பாதிக் கச்சேரியில் மைக் செட்டுக்காரனின் பேட்டரி தீர்ந்து, அவனும் ஜீப் பேட்டரியிலேயே வந்து ஒட்டிக்கொண்டான். மூக்கன் தலையில் கை வைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இடது கை வாசிக்கவே இல்லை. அதனால் தீர்ப்பும் இல்லை. சாமான் கட்டும்போது யாரும் அதைப் பற்றிப் பேசாதது எனக்கு என்னவோ செய்தது. அக்காவும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டினார்கள். ஜீப்புக்குள் கீபோர்டை அவள் உட்கார்ந்து வந்த இடத்தில் நீளவாக்கில் படுக்கவைத்தார் வெள்ளியங்கிரி. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு கிதாரோடு கீழேயே நின்றாள்.

வெயில் ஃபேக்டரிக் கூரையைத் தாண்டி இறங்கிவிட்டது. மூக்கன் சாவியைத் திருப்பினான். ஜீப் ஒரு முறை முனகி அடங்கியது.

"குடிச்சிட்டா! பூராத்தையும் குடிச்சிட்டா! இறங்கித் தள்ளுங்க சாமி, இருட்டுனா ஆனை வந்துரும்!"

எல்லோரும் தள்ளினோம். அக்காவும் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளினாள். சரிவில் ஜீப் உருண்டது, இருமியது, புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. "நிறுத்துனா செத்துரும், ஓடியாந்து ஏறுங்க!" என்று மூக்கன் கத்தினான். பாடகர்கள் ஏறினார்கள். சில்வஸ்டர் தொங்கினார். வெள்ளியங்கிரி உள்ளே விழுந்து எழுந்தார். அக்கா கடைசி. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இடம் இல்லை. கீபோர்டு படுத்திருந்தது.

வெள்ளியங்கிரி அதை நிமிர்த்தித் தன் கால்களுக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்தினார். தாடை அதன்மேல் முட்டியது. கையை வெளியே நீட்டினார்.

"மொதல்ல கிதாரக் குடு! ஒடஞ்சிரப் போகுது!"

கிதார் போனது. அடுத்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஜீப் வளைவில் திரும்பும்போது அவர் குரல் மட்டும் கேட்டது: "ஞாயித்துக்கெழம மசினகுடி! வேற பேட்டரி கொண்டாரோணும் அம்மிணி, சொல்லிப்புட்டேன்!"

சரிவில் அவளுடைய ஒரு செருப்பு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். கூடலூர் போகும்வரை கண்டக்டர் அந்த ஒற்றைச் செருப்பையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.