பாப்பா கூப்பிட்ட அம்மா

சட்டைக் காலர் தைப்பவளுக்கு மூச்சு விட நேரமில்லை. வெட்டிய துணி காலையில் மூட்டையாக வந்து இறங்கும். சாயங்காலம் வண்டிக்காரன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது எல்லாம் தைத்துத் தயாராக இருக்க வேண்டும். நடுவில் பாப்பா வந்து, ஓடுகிற மெஷினில் கை வைப்பாள். ஒரு நாள் விரல் மாட்டப் பார்த்தது. பதறிப்போய்ப் போனைக் கையில் கொடுத்தாள். பாப்பா பெட்டிப் பாம்பாக அடங்கினாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது. குறை சொல்ல வருகிறவர்கள் ஒரு நாள் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளட்டும், பிறகு பேசலாம்.

பாப்பாவுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. வாயில் இருப்பது ஒரே சொல்: அப்பா. தூரத்தில் கட்டட வேலை பார்க்கும் அவர் தினமும் வீடியோ காலில் வருவார். முகம் தெரிந்ததுமே "அப்பா!" என்று துள்ளுவாள். பெற்றவளை மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். "அம்மா சொல்லுடி தங்கம்" என்று இவள் கெஞ்சாத நாளில்லை. போனைப் பிடுங்கி வைத்தும் பார்த்தாள். பாப்பா தரையில் தலையை மோதிக்கொண்டாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"அவ போன்ல தெரியிறவங்களத்தானே அண்ணி கூப்பிடுறா. நீங்களும் போன்ல வாங்க" என்றாள் வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

இவள் நாத்தனாரின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். பாப்பா கையிலிருந்த தன் போனுக்கு வீடியோ காலில் அழைத்தாள். கீழே நாத்தனார் எடுத்துப் பாப்பாவிடம் நீட்டினாள். பாப்பா கண்கொட்டாமல் பார்த்தாள்.

"யாருடி இது? சொல்லு, அம்மா" என்றாள் இவள் திரையிலிருந்து.

"அம்மா!"

"இன்னொரு வாட்டி!"

"அம்மா! அம்மா!"

தலைகால் புரியவில்லை அவளுக்கு. அழைப்பைத் துண்டித்துவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கி வந்து மகளை வாரி அணைத்தாள்.

"என்னத்தான்டி கூப்பிட்ட! இதோ, அம்மா வந்துட்டேன்!"

பாப்பா அவள் முகத்தில் கை வைத்துத் தள்ளினாள். முகம் போனை மறைத்தது. தள்ளிவிட்டு, இருண்டு கிடந்த திரையைத் தட்டித் தட்டி "அம்மா, அம்மா" என்று வீரிட்டாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் பாப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அண்ணி... மறுபடி மேல போயி கூப்பிடுங்க. மூச்சு முட்ட அழுறா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். மாடியில் நின்று மகளை அழைத்தாள். கீழே அழுகை நின்றது.