எண்பது கிலோவுக்குள்

ஷாமினியின் அப்பா தனேஸ்வரனோடு உட்கார்ந்து யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் உடற்கூறியல் கற்பித்தவர். தட்டில் கோழிக்கால் விழுந்தால் போதும், மூட்டைப் பிரித்துப் பக்கத்து மேசைக்கும் சேர்த்துப் பாடம் நடத்துவார். புந்தோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முத்து முகம்மது, தே தாரேக் என்கிற பால் தேநீரை உயரத் தூக்கி ஆற்றி இழுக்கும்போது எட்டி அவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

"இப்ப எந்தத் தசை இழுக்குது?"

"சார், தே ஆறிடும் லா."

"பேரைச் சொல்லு, விடுறேன்."

பத்து வருடத்தில் முத்து முகம்மதுவுக்குக் கை முழுக்க மனப்பாடம். ஒருமுறை மணிக்கட்டு உடைந்தபோது எக்ஸ்ரே எடுக்க வந்த பையன் சொன்ன எலும்புப் பெயரைத் திருத்திவிட்டு வந்தார்.

தனேஸ்வரன் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோள்பட்டைப் பாடத்துக்கு அவர் படம் போட்டதில்லை. அடிக்கோலைப் பால் வெட்டும் கத்தியாகப் பிடித்து வெண்பலகையில் சரிவாக இழுப்பார். "எங்கம்மா செல்லாயி, ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். எண்ணிக்கோ." ரப்பர் மரங்கள் போய்த் தோட்டம் இப்போது எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டது. ஈப்போவில் பாதி டாக்டர்களுக்குத் தோள்பட்டை என்றால் இன்றும் செல்லாயிதான்.

ஓய்வு பெற்ற வாரமே, இறந்தபின் தன் உடலைக் கல்லூரிக்கே கொடுப்பதாகப் படிவம் நிரப்பினார். உடல்களைக் கவனித்துக்கொள்ளும் பத்துமலை அதை வாங்கிப் படித்தார்.

"சார், எண்பது கிலோவுக்கு மேல எடுக்க மாட்டோம்."

"எவன் போட்ட சட்டம்?"

"நீங்கதான் சார். எனக்கு முதுகு புடிச்சுக்கிட்டப்ப போட்டீங்க. கையெழுத்து இருக்கு."

அன்றைக்கு அவர் தொண்ணூற்று மூன்று கிலோ. சட்டத்தை மாற்றச் சொல்லலாமே என்றாள் ஷாமினி. "பத்துமலை முதுகை யாரு மாத்துறது?" என்றார்.

அம்மா கலாதேவிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "எரிக்காம, சாம்பல் இல்லாம, கருமாதிக்கு நான் எதை வச்சுக் கும்பிடுறது?"

"படத்தை வை. கொஞ்சம் மெலிஞ்ச படமா பாத்து வை."

எடை குறைக்க முதலில் எண்ணெயில் சுடும் ரொட்டி சானாய் நின்றது. முத்து முகம்மது சீனியில்லாத தேயை வைத்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "உங்க மக போன் பண்ணிடுச்சு சார். ரொட்டி கேக்காதீங்க."

ஷாமினிக்கு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் தராசுகளைச் சோதிக்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடைக்கற்களைக் கொண்டுவந்து வீட்டுத் தராசைச் சோதித்தாள். இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உன் கல்லு சரியான கல்லுதானா?" என்று கேட்டார்.

இரண்டு வருடத்தில் எண்பத்தொன்றுக்கு வந்தார். கடைசி ஒரு கிலோ அசையவில்லை. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நடக்கப் போகச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டும்போது சாய்ந்தார். அவ்வளவுதான்.

கலாதேவி அழுதாள். பிறகு எழுந்து, பெட்டியிலிருந்த கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்து அவருக்கு உடுத்திவிட்டாள். சட்டையை மாட்டினாள். மாலைகள் விழுந்தன. கல்லூரி வண்டி வந்ததும் அவளே முதலில் ஏறினாள்.

கல்லூரியில் தள்ளுவண்டியோடு நிறுக்கும் தராசு. வண்டியின் எடையைக் கழித்துவிட்டுப் பத்துமலை எண்ணைப் பார்த்தார். எண்பது புள்ளி ஏழு. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அம்மா... சார் போட்ட சட்டம்மா."

இரண்டு வருடமாக வேண்டாம் என்று சொன்ன அம்மா முன்னால் வந்தாள்.

"மாலையை எடுங்க."

எடுத்தார்கள். எண்பது புள்ளி நான்கு.

"சட்டையை எடுங்க. அந்த வேட்டியையும். கல்யாணத்தன்னிக்கே கனக்குதுன்னு பொலம்பினவரு."

வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்திவிட்டு உருவினார்கள். எழுபத்தொன்பது புள்ளி எட்டு.

"போதுமா தம்பி?"

"போதும்மா."

பத்துமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் எண்ணை எழுதினார். மேசைக்கு மாற்ற ஆட்கள் வந்தார்கள். அவர் குனிந்து இடுப்புக்கு அடியில் கை கொடுத்தார்.

"தம்பி, இடுப்புல வேணாம்," என்றாள் கலாதேவி. "அவருக்குக் கூச்சம்."

பத்துமலை சட்டென்று கையை எடுத்தார். சுற்றிப் போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினார்.