சுவருக்கு உள்ளேயும் சேர்த்து ஒரு கடன்

நியூ ஜெர்சியில் ஒரு பழைய நகரத்தின் ஹீட்டிங் கம்பெனியில் ஃபைனான்ஸ் பார்த்தேன். ஒரே பிளாண்ட்டில் நீராவி தயாரித்து, தெருவுக்கு அடியில் ஓடும் பைப் வழியாக ஆஸ்பத்திரி, கோர்ட், அபார்ட்மெண்ட் என்று டவுன்டவுன் முழுக்க அனுப்புவோம். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் யாராவது "என்னம்மா வேலை?" என்று கேட்டு, நான் இதை விளக்கி முடிப்பதற்குள் புளியோதரை தீர்ந்துவிடும்.

1. பேங்க் போட்ட கண்டிஷன்

பைப்பெல்லாம் கிழடு. ஏகப்பட்ட சூடு மண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றி வெந்நீர் பைப்பும் புது பாய்லரும் போடப் பெரிய கடன் கேட்டிருந்தோம். ஒரு ஜனவரி காலை பேங்கிலிருந்து கால் வந்தது. பெரிய கஸ்டமர்கள் எல்லாரும் நீண்ட கால ஒப்பந்தம் போட்டால்தான் கடனாம். நியாயம்தான். அவர்கள் பாதியில் கழன்றுகொண்டால் தவணையை யார் கட்டுவது? கடன் இல்லையென்றால் அடுத்த குளிரைப் பிளாண்ட் தாங்காது என்று எங்கள் எஞ்சினியர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

எல்லாரும் போட்டுவிட்டார்கள், செல்வராஜாவைத் தவிர. யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டு பெரிய அபார்ட்மெண்ட் கட்டிடங்களுக்குச் சொந்தக்காரர். என் பாஸ் டேவ், "அவரும் தமிழ்தானே ரேவதி, நீயே போ" என்றார்.

2. மூன்றாவது மாடி

"பிள்ளை, நீங்கள் தமிழ் எண்டதுக்காக நான் கையெழுத்து வைக்கேலாது" என்றுதான் செல்வராஜா அங்கிள் ஆரம்பித்தார். தன் கட்டிடத்தின் மூன்றாவது மாடிக்கு அழைத்துப்போய் ஒரு வீட்டைக் காட்டினார். வெளியே ஸ்னோ. உள்ளே குடியிருப்பவர் பனியனோடு ஃபேன் போட்டுக்கொண்டு, ஜன்னலையும் திறந்து வைத்திருந்தார். நின்ற இடத்திலேயே எனக்கு வியர்த்தது.

"பாருங்கோ. இங்க வேகுது, கீழ் வீட்டில குளிருதெண்டு கத்துகினம். நீங்கள் றோட்டுக்குக் கீழ புதுப் பைப் போட்டால் எனக்கென்ன லாபம்? வெளியில போற இந்தச் சூட்டுக்கும் நான்தானே காசு கட்டுறன்?"

"அங்கிள், பில்டிங் உள்ள இருக்கறது உங்க பொறுப்பு. எங்க வேலை மீட்டரோட முடிஞ்சுடும்."

"அப்ப என்ர கையெழுத்தும் அந்த மீட்டரைத் தாண்டி வராது."

3. கணக்கு மாறியது

திரும்ப டிரைவ் பண்ணி வரும்போது முதலில் கோபம்தான். அப்புறம், அவர் கேட்டதில் தப்பே இல்லை என்று தோன்றியது. நேராக டேவிடம் போனேன். கட்டிடங்களுக்கு உள்ளே ஒவ்வொரு வீட்டிலும் சூட்டைக் கூட்டிக் குறைக்க வைக்க வேண்டிய ரேடியேட்டர் வால்வு, கண்ட்ரோல் எல்லாவற்றையும் இதே கடனில் சேர்ப்போம், சூடு வீணாகாமல் மிச்சமாகும் பணத்திலிருந்து பில்லிலேயே திரும்ப வசூலிப்போம் என்றேன். "கடனைக் கூட்டவா சொல்கிறாய்?" என்று சிரித்தார்.

எங்கள் எஞ்சினியர் மரியா சிரிக்கவில்லை. மொத்தம் எவ்வளவு சூடு தேவை என்ற லோடு கணக்கை மறுபடி போட்டாள். கட்டிடங்கள் சூட்டை வீணாக்காவிட்டால் சின்ன பாய்லரே போதும். அதில் மிஞ்சுவது வால்வுகளுக்குப் பெருமளவு ஈடாகிவிடும். பேங்க் ஒத்துக்கொண்டது. ஆனால் சொன்ன சேமிப்பு வராவிட்டால் நஷ்டம் கம்பெனியைச் சேரும் என்றது. டேவ் அந்த நஷ்டம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வாய் காபி குடித்துவிட்டு, சரி என்றார்.

அங்கிள் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். வக்கீலிடம் காட்டினார். சண்டை போட்டு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தையும் மாற்றினார். பிறகுதான் பேனாவை எடுத்தார்.

"வேலை சரியா நடக்காட்டி உங்களுக்குத்தான் ஃபோன் எடுப்பன், பிள்ளை."

"தாராளமா பண்ணுங்க, அங்கிள்."

கோடையில் வேலை நடந்தது; வால்வுகளை முதலில் அங்கிளின் கட்டிடங்களில் வைத்தோம். விஷயம் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்காரர்களும் கோர்ட்டுக்காரர்களும், "எங்க பில்டிங்குக்கு எப்போ?" என்று கேட்டு வந்தார்கள். அடுத்த குளிரில் சேமிப்பு, சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. டேவ் அதைத் தன் ஐடியா என்றே மீட்டிங்கில் சொன்னார். சொல்லட்டும், கடன் அடைந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடனுக்கு எழுதும் முன் கஸ்டமரின் கட்டிடத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கோட்டைக் கழற்றத் தோன்றுகிறதா, இழுத்து மூடத் தோன்றுகிறதா என்று பாருங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டை அதற்கப்புறம் திறக்கலாம்.