ஏழுமலை அண்ணனின் முழு நிமிடம்

அன்று காலை அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணனோடு வலை கட்டப் போனவர் போன் செய்தார். "சிஸ்டர், ஏழுமலை தண்ணில வுழுந்துட்டான். இடுப்பளவு தண்ணிதான். தூக்கிட்டோம். ஆனா எந்திரிக்கல" என்றார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கரையில் படுக்கவைத்திருந்தார்கள். நெஞ்சை அழுத்தினேன், அழுத்தினேன், கை மரத்துப்போகும் வரை அழுத்தினேன். கடைசியில் அண்ணனின் மனைவி கஸ்தூரி அக்காதான் என் தோளைப் பிடித்தார். "வுடு கண்ணு, அவருக்கு வலிக்கும்" என்றார்.

ஏரியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் இடுப்பளவு தண்ணீரில் செத்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். தண்ணீர் அவரைக் கொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிப் படி என்று கஸ்தூரி அக்கா கேட்டார். நல்லதையும் படிக்கிறேன், மற்றதையும் படிக்கிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

நான் காட்டூர்க்காரி. நெல் வயலுக்கு நடுவே வளர்ந்தவள். இந்தக் குப்பத்துக்கு நர்ஸாக வந்த முதல் நாள் படகில் ஏறவே பயந்தேன். "இன்னா சிஸ்டர், நாத்து நட்ட காலு படகுல நிக்காதா?" என்று கேட்டுச் சிரித்தவர் அண்ணன். தடுப்பூசி நாளில் என்னைக் கை கொடுத்து இறக்க மாட்டார். ஊசிப் பெட்டியை முதலில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவார். "நீ நனைஞ்சா தொடைச்சிக்கலாம். பெட்டி நனைஞ்சா புள்ளைங்களுக்கு இன்னாத்த போடுவ?" என்பார். எனக்குக் கோபம் வரும். இப்போது அந்தப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு இறங்குகிறேன்.

ஒருநாள் தலை சுற்றுகிறது என்று வந்தார். எனக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது. நாடியைப் பிடித்துக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினேன். அறுபத்து நாலு. "நல்லாத்தான் இருக்கு அண்ணே, வெயில்ல நின்னிருப்பீங்க" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து நெற்றியில் காயத்தோடு வந்தார். வலைக் கழி ஊன்றும்போது மயங்கி விழுந்திருக்கிறார். கையை நீட்டி, "நீ பாதியில வலைய தூக்கிடற சிஸ்டர். முழு நிமிஷம் எண்ணு" என்றார். எண்ணினேன். நாற்பது நொடி தாண்டியதும் என் விரலுக்கடியில் துடிப்பு நின்றது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிய பிறகுதான் திரும்ப வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா, போயிட்டு வந்துச்சா?" என்று கேட்டார்.

பொன்னேரியில் ஈசிஜி எடுத்தோம். சென்னைக்கு அனுப்பினார்கள். இதயம் துடிக்க உள்ளேயே ஒரு மின்சாரம் ஓடுகிறது, அது இவருக்கு நடுவழியில் அறுந்து அறுந்து போகிறது, தோளுக்குக் கீழே நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தால் சரியாகும் என்றார் டாக்டர். "வைங்க" என்றார் அண்ணன். படுக்கையும் கிடைத்தது.

அதே வாரம் இங்கே பாட்டுக் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதுதான் இங்கே பாடு. பாட்டில் பெயர் இருந்தால்தான் அவன் இந்த ஊர் ஆம்பளை. அந்தக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்கள் நால்வரில் ஒருவர் எழுந்து, "நெஞ்சுல கரண்ட் வச்சிக்கினு தண்ணில எறங்குவானா? கூட நிக்கிறவன் கதி இன்னா ஆவறது? மிஷின் வச்சவனுக்குப் பாடு இல்ல" என்று சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒருவரும்.

சேதி மறுநாளே சென்னைக்குப் போய்விட்டது. அண்ணன் மிஷின் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். நான் அவர் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். அந்த மின்சாரம் உடம்பை விட்டு வெளியே வராது, மூடி முத்திரை வைத்த பெட்டி அது, காயம் ஆறியதும் குளிக்கலாம், நீந்தலாம் என்று தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும் சிஸ்டர். தெரியாதவங்க கையிலதான சீட்டு இருக்குது" என்றார்.

அந்தப் பெரியவர் வீட்டுக்கும் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மருந்து விஷயம் உன்னோட, ஏரி விஷயம் எங்களோட" என்று உள்ளே போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, தன் முறை வந்த நாளில், தன் பாட்டில் நின்றபடியே அண்ணன் விழுந்தார்.

இனிமேல் படிப்பதைக் கவனமாகக் கேளுங்கள். மூன்று நாளுக்கு முன்னால், உச்சி வெயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதே பெரியவர் என் சுகாதார நிலையத்துக்குப் பின்வாசல் வழியாக வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். என் வேலைக்கு அந்த ஒழுங்கு உண்டு. "தலை சுத்துது. ரெண்டு வாட்டி கண்ண இருட்டிக்கினு வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். கையைப் பிடித்தேன். முழு நிமிடம் எண்ணினேன். முப்பத்தாறு.

எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. 'வெயில்ல நின்னிருப்பீங்க' என்ற ஒரு வார்த்தை போதும். ஒருமுறை அறியாமல் சொன்னதை இன்னொருமுறை அறிந்தே சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்தது. கஸ்தூரி அக்காவின் கை ஞாபகம் வந்தது, "அவருக்கு வலிக்கும்" என்றது ஞாபகம் வந்தது.

பிறகு யோசித்தேன். இவர் இப்போதே போனால் பெரியவராகவே போவார். மேளம் அடித்து, மாலை போட்டு, ஊரே தோளில் சுமக்கும். இவர் போட்ட சட்டம் மட்டும் இங்கேயே தங்கிவிடும். தலை சுற்றுவதை மறைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பேர் ஏரியில் இறங்குவார்கள்! அவ்வளவு சுலபமாக அவரை விட்டுவிட நான் என்ன பைத்தியமா?

கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணனைப் பார்த்த அதே டாக்டருக்குத்தான். அவரைத் தனியாக விடாதீர்கள், தண்ணீரில் இறங்க விடாதீர்கள் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். அந்தக் கடிதம் மூன்று நாளாக ஒரு சட்டைப் பையில் மடித்துக் கிடக்கிறது. அந்தச் சட்டை இப்போது இந்தப் பந்தலில்தான் இருக்கிறது.

ஐயா, நாளைக் காலை முதல் பஸ்ஸில் போங்கள். ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன். நீங்கள் சாகக் கூடாது. மிஷினை வைத்துக்கொண்டு நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். அடுத்த சீட்டுப் போடும் நாளில் நெஞ்சில் கட்டோடு உங்கள் இடத்தில் வந்து உட்கார வேண்டும். அன்றைக்கு ஒன்று, உங்கள் பெயரைப் பாட்டிலிருந்து நீங்களே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மிஷின் வச்சவனுக்கும் பாடு உண்டு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்வதில்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் நிற்கிறோம், நானும் கஸ்தூரி அக்காவும்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முழு நிமிடம் ஒன்றுதான். நீங்கள் பதில் சொல்லும் வரை எண்ணிக்கொண்டு நிற்பேன், பாதியில் விட மாட்டேன்.