கல் கடித்த பலகை

எரியும் பிளாஸ்டிக் குச்சியை ரோஸ்விட்டா தாழ்த்திப் பிடித்திருந்தாள். உயர்த்தினால் கரி சேரும், கரி சேர்ந்தால் ஒட்டாது. பனிச்சறுக்குப் பலகையின் அடியில் ஒரு சாண் நீளப் பள்ளம். உள்ளே மரம் தெரிந்தது. அதை அடைக்கக் கறுப்புச் சொட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"கல்லு உன்னைக் கடிச்சுச்சா, நீ கல்லைக் கடிச்சியா?" என்றாள் ரோஸ்விட்டா, கண்ணை எடுக்காமல்.

"சீக்கிரம் முடி, தாயே," என்றார் விகில். சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றும், மலையின் ஒரே நாற்காலித் தூக்கியை ஓட்டுபவர். அறுபது வயது.

அந்த மலையில் பனி செய்யும் இயந்திரம் கிடையாது. வானம் கொடுத்தால் உண்டு. நவம்பரில் அது முழங்கால் அளவு கொடுப்பதுபோலக் காட்டி, அடியில் கல்லை ஒளித்து வைக்கும். அதனால் எல்லார் வீட்டிலும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஜோடி 'கல் பலகை' கிடக்கும். பழையது, அடிபட்டது, இனி என்ன ஆனாலும் கவலையில்லை என்பது. கிறிஸ்மஸ் வரை அதுதான். நல்ல பலகை சுவரில் தொங்கும்.

விகிலின் நல்ல பலகை, மனைவி கெர்ட்ரவுட் அறுபதாம் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் தந்தாள்: கிறிஸ்மஸுக்கு முன் அதில் ஒரு கீறல் கண்டாலும் அது அவள் தம்பி லூயிஸுக்குப் போய்விடும். லூயிஸ் கேட்டால் விகில் ஒரு சிறுநீரகத்தைக்கூடக் கொடுப்பார். அந்தப் பலகையைக் கொடுக்க மாட்டார். ஆனால் இன்று காலை மலை சலித்த மாவுபோல இருந்தது, நல்ல பலகையை மாட்டிவிட்டார். மூன்றாவது திருப்பத்தில் மாவு தீர்ந்தது.

ரோஸ்விட்டாவுக்கு இந்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. மேட்டுப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகிறவள் அவள். முதல் குளிர்காலத்தில் அவள் பலகையைக் கல் கிழித்தது. நகரத்துக் கடையில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தபால் மூன்று வாரம் காத்திருக்குமா? துணி தேய்க்கும் பெட்டியால் முதல் பலகையைக் கருக்கினாள். இரண்டாவதில் அடைத்தது பொருக்குபோல உரிந்து வந்தது. மூன்றாவதில் பிடித்தது. இருபத்திரண்டு வருடமாகப் பிடிக்கிறது. அடைத்தது தானாக ஆறும்வரை சுரண்டும் தகட்டைத் தொட மாட்டாள். பாதிரியார் வந்து நின்றாலும் அப்படித்தான்.

பட்டறைக் கதவு திறந்தது. எஃகு விளிம்பைத் தீட்டுவதற்காகத் தன் கல் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கெர்ட்ரவுட் நுழைந்தாள். கணவனைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த பலகையைப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"லூயிஸோடது," என்றார் விகில். வேறு பெயர் வாயில் வரவில்லை.

"அவனும் இதே மாதிரி வாங்கிட்டானா?"

"ஆமா, இப்பதான்."

ரோஸ்விட்டா குச்சியை அணைத்தாள். கெர்ட்ரவுட் தன் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நவம்பர்ல புதுப் பலகையை எடுக்கிறவனுக்கு மூளை இருக்குமா?"

"இருக்காது," என்றார் விகில்.

"வீட்ல சொன்னாக் கேக்க மாட்டானோ?"

"கேக்கவே மாட்டான்."

"கழுதைன்னு திட்டினியா, இல்லையா?"

"திட்டினேன்."

"எனக்குக் கேக்கலையே. இன்னொரு தடவை திட்டு."

"கழுதை," என்றார் விகில், பலகையைப் பார்த்து. பிறகு ரோஸ்விட்டாவிடம் குனிந்து, "ஆறிடுச்சில்ல? கொடேன், போறேன்," என்றார்.

"ஆறல."

ஆறியது. சுரண்டினாள். சுருள் சுருளாகக் கறுப்பு உதிர்ந்தது. விளிம்பைத் தீட்டினாள். மெழுகை உருக்கித் தேய்த்து, அதையும் ஆறவிட்டு, வழித்து, தூரிகை போட்டாள். கடைசியில் கண்ணை மூடி நகத்தால் நீளவாக்கில் வருடினாள். பள்ளம் எங்கே இருந்தது என்று நகத்துக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அதையும் அதன் ஜோடியையும் சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டினாள்.

கெர்ட்ரவுட் எழுந்தாள். "என்னோடது இங்கயே இருக்கட்டும். நான் தம்பி வீட்டு வழியாத்தான் போறேன். குடுத்துட்டுப் போயிடறேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்? நானே..."

"என் தம்பி பலகையைத் தூக்கறது எனக்குச் சிரமமா?"

ரோஸ்விட்டா பலகையை நிமிர்த்திப் பிடித்தபடி விகிலைப் பார்த்தாள். "சொல்லு. யார் கையில குடுக்கட்டும்?"

விகில் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னாலும் அது லூயிஸுக்குத்தான் போகும். அதற்கு மேல் கழுதை என்ற பேர் வேறு நேராகத் தனக்கே வந்து சேரும். அவர் போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"அவகிட்டயே குடு."

ரோஸ்விட்டா பலகையைக் கெர்ட்ரவுட்டின் தோளில் வைத்தாள். "பார்த்துப் பிடி. விளிம்பு புதுசாத் தீட்டினது, கையை வெட்டும்."