வீணாய்ப் போன படங்கள்

ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இருட்டைத் தேடி அலைந்தவள் நான். இதை முதலில் கண்டுபிடித்துச் சிரித்தவர் என் கணவர்தான். "பகல்ல ஊருக்குக் கரண்டு குடுக்குறா, ராத்திரியானா அதே லைட்டைப் பார்த்து வையிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவருக்குக் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்தால் நிலா தெரியும், வியாழன் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் திருடனுக்குப் பயந்து மாட்டியிருக்கும் விளக்கில் என் மாடியில் நின்று ஊசியில் நூல் கோர்க்கலாம். எனக்கு வேண்டியதோ கேலக்ஸி, நெபுலா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கலான சங்கதிகள். அதற்கு நல்ல இருட்டு வேண்டும். திருமங்கலத்துக்குத் தெற்கே என் கணவருடைய ஊரில் ஒரு ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை எடுத்த காடு. இவர் வேலைக்குப் போய்ச் சேர்த்து அதை வாங்கினார். அங்கே மோட்டார் ரூமுக்கு மேலே தட்டையான ஒரு தளம் உண்டு. நிலா இல்லாத சனிக்கிழமைகளில் சாயங்காலமே பழைய காரில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவோம். விடிந்துதான் திரும்புவோம்.

இந்த மாதிரிப் படம் ஒரே தடவையில் வந்துவிடாது. மூன்று நான்கு நிமிடம் கேமராவைத் திறந்துவைத்து ஒரு படம், உடனே அடுத்தது, உடனே அடுத்தது என்று இரவு முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நட்சத்திரம் நகர நகரத் தொலைநோக்கியையும் ஒரு மோட்டார் மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கும். பல இரவுகளில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த மங்கல், உருவமாகத் தேறி வரும். அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, கெட்டுப்போனதை அழித்துவிட வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான்.

எங்கள் அரிசியில் கல், என் கணவர்.

அவரால் சும்மா உட்கார முடியாது. நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிப் பழகிய உடம்பு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தளத்தில் அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பார். அந்த அதிர்வில் நட்சத்திரங்கள் இரட்டையாக விழும். டீ பிளாஸ்கை எடுக்கக் கீழே இறங்கிப்போய்க் காரின் கதவைத் திறப்பார். உள்விளக்கு எரிந்து படத்தின் ஓரம் மஞ்சளாகும். போனை எடுத்து மணி பார்ப்பார். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

"லைட்டை அணைங்க! எத்தனை தடவை சொல்றது?"

"ஏன் கெடந்து கத்துற? கோடி வருசமா வந்துக்கிட்டிருக்க வெளிச்சம், எம் போனைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போயிருமா?"

நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு பொம்பளையை ராத்திரி காட்டில் தனியாக விடுவதா என்று கேட்டார். அது சாக்கு. அவருக்கு வர வேண்டும், அவ்வளவுதான். வானத்தைப் பற்றி அவருக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை. நான் எங்கே இருக்கிறேனோ அங்கே உட்கார்ந்து தொழிற்சாலைக் கதை பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறப்பேன். அவர் காபியோடு எதிரே உட்காருவார். இதற்கு அவர் வைத்த பெயர் பஞ்சாயத்து. கெட்டுப்போன படத்தை அவர் பக்கம் திருப்பி, "இது என்ன?" என்பேன்.

"அது பிளேனு."

"பிளேன் போனா கோடு விழும். இது நடந்த ஆட்டம்."

"அப்ப நாயா இருக்கும்."

"நாய் ஏணியில ஏறி மேல வந்துச்சாக்கும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று காபியை உறிஞ்சுவார். கொஞ்சம் கழித்து, "சரி, ஒத்துக்கிறேன். அழிச்சுரு" என்பார். அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் நான் அழிப்பேன். அது எங்களுக்குள் ஒரு முறையாகவே ஆகிவிட்டது. சில நாள் அவர் குளித்துவிட்டு வரும்வரை படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவர் ஒத்துக்கொள்ளாமல் அழித்தால் எனக்கே அது வேலையாகத் தோன்றாது.

இரண்டு வருடமாக நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி. பங்குனி, சித்திரையில் தெற்கு வானத்தில் கொஞ்சம் தாழ்வாக ஏறி இறங்கும். வெள்ளையாக ஒரு உருண்டை, அதன் குறுக்கே கறுப்பாக ஒரு தூசிப் பட்டை. வடக்கே இருக்கிற நாடுகளுக்கு அது சரியாகத் தெரியாது, நமக்குத்தான் வாய்த்தது என்று நான் பெருமையாகச் சொன்னபோது, அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "பன்னுக்கு நடுவுல ஜாம் தடவுன மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் பன்னு. "இந்த வாரம் பன்னா?" என்று போனில் கேட்பார். அந்தப் படம் முடிந்ததும் பெரிதாகப் பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று ஹாலில் ஆணிகூட அடித்துவிட்டார். வெறும் ஆணியைக் காட்டி, "ஆணி அடிச்சாச்சு, படம் எங்க?" என்று வாரம் ஒரு தடவை கேட்காமல் இருக்கமாட்டார்.

இரண்டாம் வருடம் கடைசியாக எடுத்த இரவுக்குப் பஞ்சாயத்து நடக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சொந்தக்காரர் கல்யாணம். அடுத்த வாரம் எனக்கு அலுவலகத்தில் தணிக்கை. பிறகு மேகம் வந்துவிட்டது, கேலக்ஸியும் மேற்கே இறங்கிவிட்டது. அடுத்த வருடம்தானே மீண்டும் வரும், ஆற அமரப் பார்க்கலாம் என்று அந்தப் படங்களை அப்படியே விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது.

வீட்டுக்கு வந்தவர்களில் ஒருத்தி, என் காதில் விழ வேண்டும் என்றே, "ராத்திரி ராத்திரியா பனியில உக்கார வச்சா, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். பனியில் உட்கார்ந்தால் மாரடைப்பு வரும் என்றால் காட்டுக் காவலுக்குப் படுக்கிற ஆண்களில் ஒருவர் மிஞ்சமாட்டார். பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாலை போட்டு மாட்ட அவருடைய படம் கேட்டார்கள். தேடினால் ஒன்றும் சரியாக இல்லை. கேமராவைத் திருப்பினால், "என்னைய எதுக்கு எடுக்குற, பன்னை எடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். கடைசியில் தொழிற்சாலை அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினோம். விறைப்பாக, யாருக்கோ பயந்தவர் மாதிரி இருக்கிறார். ஹாலில் அடித்து வைத்திருந்த அந்த ஆணியில் அதை மாட்டினார்கள். நான்தான் காட்டினேன், வேறு ஆணி அடிக்க யாருக்கும் மனமில்லை.

அடுத்த பங்குனி பிறந்தது. கேலக்ஸி தெற்கில் ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். படம் முடிய இன்னும் ஒரு நல்ல இரவு இருந்தால் போதும். முடித்துவிடத்தான் வேண்டும், அவர் ஆசைப்பட்டது. ஆனால் நாங்கள் இருவருமாகத் தொடங்கி முடியாமல் கிடப்பது இந்த வீட்டில் இது ஒன்றுதான். இதையும் முடித்துவிட்டால், பிறகு எங்களுக்குள் மிச்சம் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பங்குனி முழுக்கக் கழித்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அழிக்காமல் விட்டிருந்த அந்தக் கடைசி இரவின் படங்களைத் திறந்தேன். முதல் சில படங்கள் சுத்தமாக இருந்தன. அடுத்ததில் நட்சத்திரங்கள் எல்லாம் இரட்டை. அவர் நடந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு படத்தின் இடது ஓரம் முழுக்க மஞ்சள். பிளாஸ்க் எடுக்கப் போயிருக்கிறார். அதற்கடுத்த படத்தில் எல்லாமே மங்கிக் கிடந்தது. முதலில் மேகம் என்று நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. தொலைநோக்கியின் முன்னால் போய் நின்றுகொண்டு, "இந்த ஓட்டை வழியாவா அம்புட்டும் உள்ள போகுது?" என்று குனிந்து பார்த்தார். நான் கத்தினேன். அந்தக் கேலக்ஸிக்கும் எனக்கும் நடுவில் அவர் நின்ற படம் அது. அவருடைய முகம் இல்லை, உருவம் இல்லை. ஆனால் அடையாள அட்டைப் படத்தைவிட இதில்தான் அவர் இருந்தார். மேசையில் தலையை வைத்து வெகுநேரம் அழுதேன்.

அழிக்க முடியவில்லை. ஒத்துக்கொள்ள ஆள் இல்லை. நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கிவிட்டேன். அவரும் உள்ளே இருக்கட்டும், படம் கெட்டால் கெடட்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்த மென்பொருளுக்கு ஒரு கணக்கு உண்டு. எல்லாப் படத்திலும் இருப்பதை உண்மை என்று வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டில் மட்டும் வருவதைப் பிழை என்று துடைத்துவிடும். விமானம் போன கோட்டைத் துடைக்கிற மாதிரி அவரையும் துடைத்துவிட்டது. கொஞ்சம் புள்ளி புள்ளியாக, ஆனால் களங்கமில்லாமல் கேலக்ஸி வந்து நின்றது. எங்கும் மஞ்சள் இல்லை.

பழைய இரவுகளின் படங்களில் அவர் கெடுத்தது ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினேன். எல்லாம் நல்ல படங்கள். நான் கல் பொறுக்கிய சுத்தம் அப்படி. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியவள் என்று கேட்டிருக்கிறேன். அதுவரை அதை யாரையோ சொல்வதாக நினைத்திருந்தேன்.

அந்த வாரமே என் கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். அவர் ஊரிலேயே இருந்து அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிறவர். படத்தை முடிக்க வேண்டும், ஒரு இரவு துணைக்கு வர முடியுமா என்று கேட்டேன். "என்ன மதினி கேள்வி, வாரேன்" என்றார்.

சனிக்கிழமை அவரே தொலைநோக்கியை மேலே ஏற்றிக் கொடுத்தார். வெளிச்சம் கூடாது, அசையக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அண்ணன் சொல்லிக் கேட்டிருப்பார் போலிருக்கிறது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கீழே வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, அசையாமல் உட்கார்ந்துவிட்டார். டீ வேண்டுமா என்று நான்தான் இறங்கிப்போய்க் கேட்டேன். "வேணாம் மதினி, நீங்க உங்க சோலியைப் பாருங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அப்படிப்பட்ட நல்ல மனிதர். அந்த இரவு முழுக்க நான் யாரையும் வையவில்லை. யாரும் எனக்குக் கதை சொல்லவில்லை. பக்கத்துக் காட்டில் யாரோ மோட்டார் போட்டுத் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தூங்கவில்லை. வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். முதல் படம் நன்றாக இருந்தது. அடுத்ததும் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். எங்காவது ஒரு நட்சத்திரம் ஆடியிருக்காதா, ஒரு ஓரமாவது மஞ்சளாகியிருக்காதா என்று, இத்தனை வருடம் எதைக் கண்டால் கத்தினேனோ அதையே தேடினேன். ஒரு விமானம்கூடக் குறுக்கே போகவில்லை. எல்லாப் படமும் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். இந்த வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு இரவு வாய்த்ததே இல்லை.

கொழுந்தனார் போன் செய்தார். குரலில் கவலை.

"மதினி, படம் பார்த்தீங்களா? ராத்திரி ஒருக்கா தும்மிட்டேன். அதுல எதுவும் கெட்டுப் போயிருச்சா?"

"இல்ல தம்பி" என்றேன். "ஒண்ணுகூடக் கெடலை."

நான் அழுவது அவருக்குக் கேட்டுவிட்டது.

"எல்லாம் நல்லா வந்திருச்சுன்னா எதுக்கு மதினி அழுகுறீங்க?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.