சேற்றில் நான், மேடையில் அண்ணன்

அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அண்ணன் வாசித்தது நாதஸ்வரமா கிளாரினெட்டா என்பதே இன்றுவரை தெளிவில்லை. அது சாக்ஸபோன். வாசித்தது ஜாஸும் ராக்கும். இதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது வலங்கைமானுக்குப் பக்கத்தில். அப்பா குத்தகை விவசாயி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்ணன் கும்பகோணத்தில் ஒரு பேண்டு செட்டில் சேர்ந்தார். கல்யாண ஊர்வலம், கட்சி மாநாடு என்று ஊதித் திரிந்தவரைச் சென்னை ஓட்டல் ஒன்றின் இசைக்குழு அழைத்துக்கொண்டது. பிறகு பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று ரயிலிலேயே குடித்தனம்.

அப்பா இறந்ததும் குத்தகை அண்ணன் பெயருக்கு மாறியது. கூலி, குத்தகை, நில உச்சவரம்பு என்று தஞ்சை ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்த காலம். கழக ஆட்சி குத்தகைக்காரர் பக்கம் பேசியது. நிலக்காரர்கள் சட்டத்தில் சந்து தேடினார்கள். குத்தகைக்காரர் தானே சாகுபடி செய்ய வேண்டும் என்ற விதியில் எங்கள் நிலக்காரருக்கு அண்ணனே அந்தச் சந்து ஆனார். அண்ணன் படம் போட்ட கச்சேரி நோட்டீஸோடு நிலக்காரரின் காரியஸ்தர் வீட்டுக்கு வந்தார்.

"கோட்டு போட்டுக்கிட்டு ஊதுறவரு எப்படிங்க சாகுபடி பண்ணுவாரு? நிலத்தை விட்டுடுங்க" என்றார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

தந்தி கண்டு அண்ணன் வந்தார். வாத்தியப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு ஏர் பிடித்தார். குறுவையும் சம்பாவும் கழிந்தன. சிங்கப்பூருக்கு அழைத்த குழுவுக்கு, வருவதற்கில்லை என்று பதில் போட்டார். புலம்பவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது தட்டின் விளிம்பில் அவர் விரல்கள் சாக்ஸபோன் வாசிப்பதுபோல ஏறி இறங்கும். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

நிலக்காரர் போட்ட மனுவின் மேல் நடந்த குத்தகை விசாரணையில் அதிகாரி ஒன்று சொன்னார்: "நீங்களேதான் இறங்கணும்னு இல்லை. குடும்பத்துல யாராவது வயல்ல உழைச்சாலும் அது உங்க சாகுபடிதான்."

குடும்பத்தில் மிச்சம் இருந்தது அம்மாவும் நானும். எங்கள் வகையறாவில் பெண்கள் வரப்பில் நின்று சாப்பாடு கொடுப்பதோடு சரி. சேற்றில் இறங்கிய பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்பார்கள். அடுத்த நடவன்று நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடவுப் பெண்களின் வரிசையில் போய் நின்றேன். அண்ணன் வரப்பில் ஓடி வந்தார்.

"ஏறு மேல. நீ சேத்துல நின்னு நான் மேடையில நிக்கணுமா?"

"ஆமாண்ணே. நடவு எனக்கு வந்துரும். உங்க வாத்தியம் எனக்கு வராது."

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அஞ்சலை அம்மாள் சிரித்துவிட்டார். "சின்னய்யா, நீங்க வெச்ச நாத்தெல்லாம் மிதக்குதுங்க. பாப்பாவ விடுங்க."

அண்ணன் வரப்பிலிருந்து இறங்கினார். நாற்று முடிகளை எடுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார்.

நிலம் எங்களிடமே நின்றது. மறு ஆண்டு அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் என்று மூச்சு இருந்தவரை ஊதினார். எனக்கு மாப்பிள்ளையும் வந்தார். அவரும் சேற்றில் இறங்குபவர்தான். ஆனாலும், தங்கையைச் சேற்றில் தள்ளிவிட்டு ஊர் சுற்றியவர் என்ற பேச்சு உறவில் ஓயவே இல்லை.

தஞ்சாவூர் மருத்துவமனையில் கைவிடாமல் பார்த்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், பெங்களூரிலிருந்து வந்து கடைசி வாரம் முழுவதும் அண்ணனுக்கு முகம் மழித்து, உடை மாற்றிவிட்ட அவருடைய டிரம்ஸ் நண்பருக்கும், காரியத்தன்று அறுவடையைத் தள்ளிவைத்து வந்த அஞ்சலை அம்மாள் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவமனையில் ஒரு மாலை அண்ணன் கேட்டார்: "சொந்தக்காரங்க சொல்றது நெசந்தானேம்மா? உன் வாழ்க்கையை நான்தானே எடுத்துக்கிட்டேன்?"

"இல்லண்ணே. எனக்கு வயல்னா சின்னதுலேர்ந்தே ஆசை. யாரும் கேக்கல."

"நானும் கேக்கலையே."

"மொதல்ல ஏறுன்னீங்க, அப்புறம் நீங்களே நாத்து எடுத்துப் போட்டீங்கண்ணே. நம்ம வகையறா ஆம்பளைங்கள்ல நீங்க ஒருத்தர்தான் தடுக்கல."